பிணை யாருக்கு?

(எமது கல்லூரியின் நூற்றாண்டையொட்டிப் பழைய மாணவிகள் சங்கத்தின் கனடாக் கிளை ரொறன்ரோவில் நடத்திய ஒன்றுகூடலில், குடும்ப வைத்தியராகப் பணிபுரியும் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவில் வைத்தியர் ஒருவர் பேசுகிறார் என்றால், நீரிழிவைப் பற்றித்தான் பேசுவார் என்று நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். பின்னால் மேசையில் ரோல்ஸும் வட்டிலப்பமும் காத்திருக்கிற நேரத்தில் அதைப் பேசி உங்கள் சாபத்தை வாங்கிக்கொள்ள நான் விரும்பவில்லை. நான் இன்று பேச வந்தது வங்கிக் கடனைப் பற்றி. அதிலும் குறிப்பாக, சாப்பாட்டுக் கடை போடுகிறவர்கள் அரசாங்க உத்தரவாதத்தோடு எடுக்கிற கடனைப் பற்றி.

வைத்தியருக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். ஸ்காபறோவில் குடும்ப வைத்தியம் பார்க்கிறவளுக்கு இது தினசரி வேலை. நித்திரை வருவதில்லை என்று வருகிறார்கள். பிறசர் மருந்து எடுத்தும் இறங்குவதில்லை என்று வருகிறார்கள். நெஞ்சு படபடக்கிறது என்கிறார்கள். இரத்தப் பரிசோதனை செய்கிறோம், இருதயத்தைப் பார்க்கிறோம். அதன்பிறகு "வீட்டில் என்ன பாடு?" என்று கேட்டால்தான் உண்மை வெளியே வருகிறது. கடை, வாடகை, வங்கிக் கடிதம். நோயாளரின் கதை எதையும் இங்கே சொல்ல மாட்டேன். அது அவர்களுக்குச் சொந்தமானது. ஆனால் பலரிடமிருந்து திரும்பத் திரும்பக் கேட்கிற ஒரு வசனத்தை மட்டும் சொல்கிறேன்: "கவண்மென்ற் பொறுப்பு நிக்குது எண்டுதானே சொன்னவை, டொக்டர்."

அந்த ஒரு வசனத்தைச் சுற்றித்தான் இன்றைய என் பேச்சு.

சாப்பாட்டுக் கடை எம்மவர்களுக்கு ஏன் முதலில் தோன்றும் தொழிலாக இருக்கிறது என்பதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. 95ஆம் ஆண்டு இடப்பெயர்வின்போது தென்மராட்சியில், வந்து தங்கிய வீட்டின் தாழ்வாரத்தில் இடியப்பம் அவித்து விற்றுப் பிள்ளைகளைப் படிப்பித்த தாய்மாரை என் வயதுக்காரர் எல்லோரும் கண்டிருக்கிறோம். கையில் பட்டமும் இல்லை, முதலும் இல்லை என்ற நிலையில் ஒரு பெண்ணுக்கு மிஞ்சியிருப்பது அவளுடைய கைப்பக்குவம். கனடாவுக்கு வந்தபின்னும் அது கைவிடவில்லை. இன்று மார்க்கம் வீதியிலும் எல்ஸ்மெயரிலும் வரிசையாக இருக்கிற கடைகளின் பின்கதவைத் திறந்து பார்த்தால், அதிகாலையிலிருந்து அடுப்படியில் நிற்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள்தான். அவர்களில் எமது கல்லூரிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இன்று இந்த மண்டபத்துக்குச் சாப்பாடு தந்தவர்களும் அப்படிப்பட்டவர்களே.

இப்போது திட்டத்துக்கு வருவோம். கனடாவில் சிறுதொழில்களுக்கு அரசாங்கம் பொறுப்பு நிற்கிற முறை 1961இல் ஒரு சட்டமாக வந்தது. 1999இல் அதற்குப் பதிலாகக் கனடா சிறுதொழில் நிதியளிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இன்றைக்கும் வங்கியில் போய்ச் 'ஸ்மோல் பிஸ்னஸ் லோன்' என்று கேட்டால் பெரும்பாலும் இதைத்தான் சொல்வார்கள். ஆண்டு வருமானம் ஒரு கோடி டொலருக்கு மேற்படாத தொழில்கள் இதற்கு விண்ணப்பிக்கலாம். 2022 ஜூலையில் விதிகள் தளர்த்தப்பட்டு, மொத்தமாக 11 இலட்சத்து 50 ஆயிரம் டொலர் வரை பெறலாம் என்றாயிற்று. அதில் உபகரணங்களுக்கும் வாடகை இடத்தைத் திருத்துவதற்கும் 5 இலட்சம் டொலர் வரை பெறலாம். அன்றாடச் செலவுக்கான நடைமுறை மூலதனத்துக்கும் முதன்முறையாக இடம் கொடுத்தார்கள். உணவகங்களும் தங்குமிடங்களும் அடங்கிய துறையே இத்திட்டத்தை மிக அதிகமாகப் பயன்படுத்துகிற துறை.

இது நல்ல திட்டம். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வீடு இல்லாதவருக்கும், இந்த நாட்டில் நீண்ட கடன் வரலாறு இல்லாதவருக்கும், புதிதாகத் தொழில் தொடங்குகிறவருக்கும் வங்கி சாதாரணமாகக் கதவைத் திறக்காது. சாப்பாட்டுக் கடை என்றால் இன்னும் பயப்படும். அரசாங்கம் நட்டத்தின் பெரும்பங்கை ஏற்பதால்தான் வங்கி துணிகிறது. நகையை அடைவு வைத்தும், சீட்டுக் கட்டியும், கைமாற்று வாங்கி மாதவட்டி கொடுத்தும் கடை போட்ட காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். வட்டிக்கும் ஒரு மேல் எல்லை உண்டு: மாறும் வட்டியில் தவணைக் கடன் எடுத்தால், வங்கியின் முதன்மை வட்டியோடு 3 வீதத்துக்கு மேல் கூட்ட முடியாது. பதிவுக் கட்டணம் கடன்தொகையின் 2 வீதம். அதைக் கடனோடு சேர்த்தும் எடுக்கலாம்.

ஆனால் "அரசாங்கம் பொறுப்பு நிற்கிறது" என்ற வசனத்தை எம்மவர்கள் எப்படி விளங்கிக்கொள்கிறார்கள்?

ஊரில் வங்கிக் கடன் எடுத்தவர்களுக்குத் தெரியும். அரசாங்க உத்தியோகத்தர் இரண்டு பேரைப் பிணைக்குக் கொண்டுவா என்பார்கள். ஒரே பாடசாலையில் படிப்பிக்கிற ரீச்சர்மார் ஒருவருக்கொருவர் பிணை நிற்பார்கள். எடுத்தவர் கட்டாவிட்டால், பிணை நின்றவரின் சம்பளத்தில் வெட்டுவார்கள். அதனால் "பிணை" என்றதும் எமது மனதில் வருவது, நான் விழுந்தால் என்னைத் தாங்குகிற ஒருவர். அரசாங்கமே பிணை என்றால், நான் கட்ட முடியாமற் போனால் அரசாங்கம் எனக்காகக் கட்டிவிடும் என்றுதான் மனம் எடுத்துக்கொள்கிறது.

இங்கே நடப்பது அப்படியல்ல. கனடா அரசாங்கம் உத்தரவாதம் கொடுப்பது வங்கிக்கு. உங்களுக்கல்ல. வங்கிக்கு ஏற்படும் தகுதியான நட்டத்தில் 85 வீதத்தை அரசாங்கம் வங்கிக்குத் திருப்பிக் கொடுக்கும். அதைக் கேட்பதற்கு முன் வங்கி செய்யவேண்டியவை விதிகளில் எழுதப்பட்டிருக்கின்றன. கடனைக் கட்டும்படி உங்களைக் கேட்க வேண்டும். ஈடாக எடுத்த பொருட்களை விற்க வேண்டும். தனிப்பட்ட பிணை கொடுத்தவர்களிடம் அறவிட முயல வேண்டும். இவையெல்லாம் முடிந்து மிஞ்சுகிற நட்டத்துக்குத்தான் அரசாங்கம் வருகிறது. கடனைக் கொடுப்பதா இல்லையா என்று தீர்மானிப்பதும் வங்கிதான். அரசாங்கம் உங்கள் கடைக் கணக்கைப் பார்த்து "இது சரிவரும்" என்று சான்றிதழ் தருவதில்லை.

ஒரு உதாரணக் கணக்கைப் பார்ப்போம். இலக்கங்கள் நான் போட்டவை. ஒருவர் 2 இலட்சம் டொலர் கடன் எடுக்கிறார். 1 இலட்சத்து 20 ஆயிரத்தை வாடகைக் கட்டடத்தைத் திருத்தச் செலவழிக்கிறார்: அடுப்புக்கு மேல் புகைபோக்கி, தீயணைப்பு அமைப்பு, கழிவு எண்ணெய்ப் பொறி, நிலத்துக்கு ஓடு, மலசலகூடம். மிச்சம் 80 ஆயிரத்துக்கு அடுப்பு, குளிர் அறை, மாக்குழைக்கும் இயந்திரம், மேசை கதிரை. இரண்டு வருடத்தில் கடையை மூடவேண்டி வருகிறது. கட்டியது போகக் கடன் இன்னும் 1 இலட்சத்து 60 ஆயிரம் நிற்கிறது.

இனி எதை விற்பது? புகைபோக்கியும் ஓடும் குழாயும் கட்டடக்காரருடைய சுவரோடு போயின. அவற்றைக் கழற்றி எடுத்தாலும் காசில்லை. அடுப்பையும் குளிர் அறையையும் ஏலத்தில் விடுகிறார்கள். கிடைப்பது 25 ஆயிரம் என்று வைப்போம். மீதி 1 இலட்சத்து 35 ஆயிரம். இப்போது வங்கி தனிப்பட்ட பிணையில் கையெழுத்திட்டவர்களிடம் வருகிறது. அவர்களிடம் சேமிப்பாக இருந்த 35 ஆயிரத்தை அறவிடுகிறது. மிஞ்சுகிற நட்டம் 1 இலட்சம். அதில் 85 ஆயிரத்தை அரசாங்கம் வங்கிக்குக் கொடுக்கிறது. வங்கி இழந்தது 15 ஆயிரம். அந்தக் குடும்பம் இழந்தது சேமிப்பு முழுவதும், கடையில் போட்ட சொந்தக் காசு, இரண்டு வருட உழைப்பு. வரிசையைக் கவனியுங்கள்: கையெழுத்திட்டவருக்குப் பிறகுதான் அரசாங்கம். அரசாங்கம் வங்கிக்குக் கொடுத்துவிட்டது என்பதற்காகக் கடன்பட்டவரின் பொறுப்பு அழிந்துவிடுவதும் இல்லை.

மற்றத் தொழில்களைவிடச் சாப்பாட்டுக் கடைக்கு இது ஏன் கூடுதல் ஆபத்து என்பதும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. போட்ட காசில் பெரும்பகுதி இன்னொருவருடைய கட்டடத்துக்குள் புதைந்துவிடுகிறது. விற்கிற ஒவ்வொரு நூறு டொலரிலும் சாமான், சம்பளம், வாடகை, மின்சாரம் எல்லாம் போனபின் கையில் நிற்பது சில டொலர்களே. மழை பெய்தாலும், பனி கொட்டினாலும், வீதியைத் தோண்டினாலும் அந்தச் சில டொலரும் போய்விடும்.

உத்தரவாதம் என்ற சொல் எல்லா நாடுகளிலும் இப்படித்தான் வேலை செய்கிறது. இந்த மலரை இலண்டனிலும் சிட்னியிலும் நியூ ஜேர்சியிலும் வாசிக்கப் போகிற சகோதரிகளுக்காக இதையும் சொல்கிறேன். பிரித்தானியாவில் 2020 மே மாதம் தொடங்கிய 'பவுன்ஸ் பாக் லோன்' திட்டத்தில் 50 ஆயிரம் பவுண் வரை கொடுத்தார்கள். வட்டி 2.5 வீதம். அரசாங்கத்தின் உத்தரவாதம் 100 வீதம். தனிப்பட்ட பிணை கேட்கக் கூடாது என்றும் விதித்தார்கள். அங்கேயும் கடன் முழுவதற்கும் பொறுப்பு கடன் எடுத்தவரே. அமெரிக்காவில் சிறுதொழில் நிர்வாகத்தின் '7 ஏ' கடன்களில், தொழிலில் 20 வீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தனிப்பட்ட பிணை கொடுத்தே ஆகவேண்டும். அவுஸ்திரேலியாவில் 2020இல் கொண்டுவந்த திட்டத்தில் அரசாங்கம் ஏற்றது 50 வீதம். வீதம் மாறும், விதி மாறும். உத்தரவாதம் யாருக்கு என்ற கேள்விக்கு விடை மாறாது: கடன் கொடுத்தவருக்கு.

கொவிட் காலத்தில் இங்கே வந்த 'சீபா' கடனும் எம்மவர்களின் குழப்பத்தைக் கூட்டிவிட்டது. அது வேறு திட்டம். 2020 ஏப்ரலில் 40 ஆயிரம் டொலராகத் தொடங்கிப் பிறகு 60 ஆயிரம் வரை வட்டியில்லாமல் கொடுத்தார்கள். ஏறத்தாழ 9 இலட்சம் தொழில்கள் அதைப் பெற்றன. அது அரசாங்கத்தின் சொந்தப் பணம். வங்கி அதைக் கைமாற்றிக் கொடுத்தது. 2024 ஜனவரி 18ஆம் திகதிக்குள் மிச்சத்தைக் கட்டியவர்களுக்கு 20 ஆயிரம் வரை விட்டுக்கொடுத்தார்கள். தவறியவர்களுக்கு அந்தச் சலுகை போயிற்று. கடன் 5 வீத வட்டிக்கு மாறியது. 2026 டிசம்பர் 31க்குள் முழுவதையும் கட்டவேண்டும் என்றாயிற்று. "சீபாவிலே விட்டவை, இதிலேயும் விடுவினம்" என்று நினைத்து வேறு கடன் எடுத்தவர்களும் உண்டு. விட்டுக்கொடுப்பது ஒரு பேரிடர்க் காலத்து ஏற்பாடு. வழமையான உத்தரவாதக் கடனில் அப்படியொரு பகுதியே கிடையாது.

இனி, நான் இந்தச் சபையில் இதைப் பேசுவதற்கான முக்கிய காரணத்துக்கு வருகிறேன். கையெழுத்து.

கடை அநேகமாகக் கணவரின் யோசனை. சில வீடுகளில் அண்ணரின் யோசனை, மகனின் யோசனை. கொம்பனி பதியும்போது மனைவியின் பேரையும் போடுவார்கள். வங்கியில் பிணைப் பத்திரம் வரும்போது, "சும்மா ஒரு சைன்தானே, போடுமன்" என்பார்கள். வங்கி மேசையில் ஒட்டுத்தாள் குத்திய பக்கங்களைத் திருப்பித் திருப்பிக் காட்டுவார்கள். அவளும் போட்டுவிடுவாள். என்ன பத்திரம் என்று கேட்டால் வீட்டில் சந்தேகம் என்று அர்த்தமாகிவிடுமோ என்று பயம்.

எங்கள் தொழிலில் இப்படிக் கையெழுத்து வாங்க முடியாது. ஒன்ராறியோவில் 1996ஆம் ஆண்டின் சுகாதார சிகிச்சைச் சம்மதச் சட்டம் இருக்கிறது. ஒரு சத்திரசிகிச்சைக்குச் சம்மதம் பெறுவதற்கு முன் ஆறு விடயங்களை நோயாளருக்கு விளங்கச் சொல்ல வேண்டும் என்று அது கூறுகிறது: சிகிச்சையின் தன்மை, எதிர்பார்க்கும் நன்மை, முக்கிய ஆபத்துகள், முக்கிய பக்கவிளைவுகள், மாற்று வழிகள், செய்யாமல் விட்டால் என்ன நடக்கும் என்பது. சொல்லாமல் வாங்கிய கையெழுத்து வெறும் மை. பித்தப்பையை எடுப்பதற்கே இவ்வளவு விளக்கம் தேவை என்றால், ஒரு குடும்பத்தின் இருபது வருடச் சேமிப்பை எழுதிக் கொடுப்பதற்கு அதே ஆறு கேள்விகளையாவது கேட்கக் கூடாதா?

முதலாவது, தன்மை. நான் எந்தக் கடனுக்குப் பிணை நிற்கிறேன்? எவ்வளவுக்கு? தொகைக்கு எல்லை உண்டா? சில பத்திரங்களில் இன்றைய கடனுக்கு மட்டுமல்லாமல், அந்தக் கொம்பனி இனி வாங்கப் போகிற கடன்களுக்கும் நீங்கள் பொறுப்பு என்று எழுதியிருக்கும். "கூட்டாகவும் தனித்தனியாகவும்" என்ற சொற்கள் இருந்தால், மூன்று பேர் கையெழுத்திட்டாலும் முழுத்தொகையையும் ஒருவரிடமே கேட்கலாம். மூன்றில் ஒரு பங்குதானே என்று நினைக்க வேண்டாம்.

இரண்டாவது, நன்மை. இந்தக் கொம்பனியில் எனக்குப் பங்கு இருக்கிறதா? என் பேரில் எத்தனை பங்கு? இலாபம் வந்தால் எனக்கு ஒன்றுமில்லை, நட்டம் வந்தால் முழுவதும் எனக்கு என்பது நியாயமான ஏற்பாடு அல்ல.

மூன்றாவது, ஆபத்து. கடை நாளைக்கே மூடினால் என்னிடமிருந்து எதை எடுக்கலாம்? வீட்டின் மேல் ஈடு எழுதப்படுகிறதா? வாடகை ஒப்பந்தத்திலும் நான் தனியாகப் பிணை கொடுத்திருக்கிறேனா? லிமிட்டெட் கொம்பனி என்பது ஒரு மதில். தனிப்பட்ட பிணை அந்த மதிலில் நாமே வெட்டிக் கொடுக்கிற கதவு.

நான்காவது, பக்கவிளைவு. பேருக்கு டிரெக்டராக இருப்பதும் சும்மா இருப்பதல்ல. வாடிக்கையாளரிடம் அறவிட்ட விற்பனை வரியையும், தொழிலாளரின் சம்பளத்தில் கழித்த வரியையும் கொம்பனி அரசுக்குக் கட்டாமல் விட்டால், அதை டிரெக்டர்மாரிடம் நேரடியாகக் கேட்கக் கனடாவின் வரிச் சட்டங்கள் இடம் கொடுக்கின்றன. காசு தட்டுப்படும்போது முதலில் கை வைக்கப்படுவது அந்தக் காசில்தான். மாதம் தோறும் அது கட்டப்பட்டதா என்று பார்க்கிற உரிமை டிரெக்டராக உங்களுக்கு உண்டு. பாருங்கள்.

ஐந்தாவது, மாற்று வழி. இதைவிடச் சிறிதாகத் தொடங்க முடியாதா? ஏற்கெனவே புகைபோக்கியும் குழாயும் உள்ள பழைய உணவகத்தை எடுத்தால், சுவருக்குள் புதைகிற காசு குறையும். மணித்தியாலக் கணக்கில் வாடகைக்குக் கிடைக்கிற வணிகக் குசினியில் ஒரு வருடம் சமைத்து விற்றுப் பார்க்கலாம். பாவித்த உபகரணங்களையும் இதே கடனில் வாங்கலாம். எங்களுக்கு மனையியல் படிப்பித்த ரீச்சர், செலவுக் கணக்கை எழுதிக் காட்டாமல் அடுப்பை மூட்ட விடமாட்டார். ஒரு சட்டி கறிக்கே அந்தச் சட்டம். அப்போது எரிச்சலாக இருந்தது. இன்று அந்தக் கொப்பியின் அருமை தெரிகிறது.

ஆறாவது, செய்யாவிட்டால் என்ன? இந்தக் கையெழுத்தை இன்று போடாவிட்டால், ஒரு மாதம் பிந்தினால், உண்மையில் எது கெட்டுப்போகும்? "இந்த இடம் போயிடும்" என்று அவசரப்படுத்துகிறவரிடம் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

இந்த ஆறையும் வங்கி அதிகாரியிடம் மட்டும் கேட்டால் போதாது. அவர் வங்கியின் ஆள். அவர் நல்லவராகவே இருக்கலாம், தமிழராகவும் இருக்கலாம். ஆனாலும் வங்கியின் ஆள். கணவரின் சட்டத்தரணியும் போதாது. உங்களுக்கென்று தனியாக ஒரு சட்டத்தரணியிடம் ஒரு மணித்தியாலம் போய் இருங்கள். சுயாதீன சட்ட ஆலோசனை என்று அதற்குப் பெயர். அதற்குச் செலவாகிற சில நூறு டொலரைக் கடையின் முதற் செலவாக எழுதிக்கொள்ளுங்கள். சிகிச்சைக்குக் கொடுத்த சம்மதத்தை எந்த நேரத்திலும் திரும்பப் பெறலாம். கொடுத்த பிணையை அப்படித் திரும்பப் பெற முடியாது. ஆகவே கேள்வி முன்னதாக வரவேண்டும்.

வைத்தியராக இன்னும் இரண்டு சொல்ல அனுமதி தாருங்கள்.

ஒன்று, கடை தொடங்கும்போது இரண்டு பேரும் ஒரே நாளில் வேலையை விட வேண்டாம். ஒன்ராறியோவில் வைத்தியரைப் பார்ப்பதற்கும் ஆஸ்பத்திரிக்கும் காசில்லை. ஆனால் 25 வயதுக்கும் 64 வயதுக்கும் இடைப்பட்ட பெரும்பாலானோர் மருந்துக்குக் காசு கொடுக்க வேண்டும். வேலைத்தலத்துக் காப்புறுதி போனதும் முதலில் நிற்பது சீனிக்கும் பிறசருக்கும் எடுக்கிற மருந்து. "கடை நிமிரட்டும், பிறகு எடுப்பம்" என்பார்கள். கடை நிமிர்வதற்குள் இருதயம் விழுந்துவிடக் கூடாது. காப்புறுதி இல்லாதவர்கள், வருமானத்தோடு ஒப்பிட மருந்துச் செலவு கூடுதலாக இருந்தால், மாகாண அரசின் ட்ரிலியம் மருந்துத் திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள். மருந்தை நிற்பாட்டுவதற்கு முன் உங்கள் வைத்தியரிடம் சொல்லுங்கள். மலிவான மருந்துக்கு மாற்றித் தர எங்களால் முடியும்.

இரண்டு, கடை சரிவராமற் போனால் அது குற்றமல்ல. எங்கள் சமூகத்தில் கடன்பட்டவர் கலியாண வீட்டுக்கு வருவதை நிறுத்துவார், கோயிலுக்கு வருவதை நிறுத்துவார், பிறகு வீட்டுக்குள்ளேயே பேசுவதை நிறுத்துவார். வங்கிக் கடிதத்தைத் திறக்காமல் லாச்சிக்குள் போடுவார். கடிதம் லாச்சிக்குள் இருந்தாலும் வட்டி வெளியேதான் ஓடும். முதல் தவணை தவறப் போகிறது என்று தெரிந்தவுடனேயே வங்கியோடு பேசுங்கள். தவணையை மாற்றிக் கேட்கலாம். அதற்கும் மேலே போனால், அரசாங்க உரிமம் பெற்ற திவால்நிலை அறங்காவலர்கள் இருக்கிறார்கள். வசிக்கிற வீட்டின் மோட்கேஜ் நீங்கலாக ஒருவரின் கடன் 2 இலட்சத்து 50 ஆயிரம் டொலருக்கு மேற்படாவிட்டால், அதில் ஒரு பகுதியை ஐந்து வருடத்துக்குள் கட்டித் தீர்க்க அவர்கள் மூலம் சட்டப்படி முன்மொழியலாம். பத்திரிகை விளம்பரத்தில் "கடனை இல்லாமல் செய்கிறோம்" என்று வருகிற தரகர்களிடம் காசைக் கொடுப்பதற்கு முன் அங்கே போங்கள்.

நித்திரையின்மை வாரக்கணக்கில் நீடித்தால், சாப்பாடு மறுத்தால், "நான் இல்லாட்டி இவைக்கு நல்லது" என்ற மாதிரி ஒரு பேச்சு வாயில் வந்தால், அதைக் கடன் பிரச்சினை என்று எடுக்காதீர்கள். அது வைத்திய அவசரம். அன்றைக்கே கூட்டிக்கொண்டு வாருங்கள். இரவென்றால் கனடாவின் எந்த இடத்திலிருந்தும் 988 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். கடை போனவர்கள் பலர் மீண்டும் எழும்பியிருக்கிறார்கள். ஆள் இருந்தால்தானே எழும்ப முடியும்.

கடைசியாக, சங்கத்திடம் ஒரு விண்ணப்பம். நூறாவது வருடத்துக்கு மண்டபத்துக்குச் சாயம் பூசுகிறோம், புலமைப்பரிசில் கொடுக்கிறோம். எல்லாம் நல்லது. அதோடு இதையும் செய்யலாம். இந்தச் சபையில் சட்டத்தரணிகள் இருக்கிறீர்கள், கணக்காளர்கள் இருக்கிறீர்கள், வங்கியில் வேலை செய்கிறவர்களும் இருக்கிறீர்கள். ஒவ்வொருவரும் மாதத்தில் இரண்டு மணித்தியாலம் ஒதுக்கினால் போதும். கடன் பத்திரமோ வாடகை ஒப்பந்தமோ பிணைப் பத்திரமோ கையில் வந்த எந்தப் பழைய மாணவியும், கையெழுத்திடுவதற்கு முன் ஒருமுறை அழைத்துக் கேட்க ஓர் இலக்கம் இருக்கட்டும். சட்டத்தரணிக்குப் பதிலாக அல்ல. எந்தக் கேள்வியோடு சட்டத்தரணியிடம் போகவேண்டும் என்று சொல்லிக் கொடுப்பதற்கு. இலண்டன் கிளையும் மெல்பேர்ண் கிளையும் கொழும்புக் கிளையும் தத்தமது நாட்டு விதிகளோடு இதையே செய்யலாம்.

பேர் வெளியே வராது என்ற உறுதியையும் கொடுக்க வேண்டும். அது இல்லாவிட்டால் ஒருவரும் அழைக்க மாட்டார்கள். விடுதியில் ஒரே அறையில் படுத்து, ஒருத்தியின் இரகசியத்தை மற்றவள் காத்த பிள்ளைகள்தானே நாங்கள். இதையும் காப்போம்.

கடை போடுகிற பிள்ளைகளைத் தடுக்க நான் இதைச் சொல்லவில்லை. போடுங்கள். எங்கள் பிள்ளைகளுக்கு வேலை கொடுங்கள். எங்கள் கலியாண வீடுகளுக்குச் சமையுங்கள். அரசாங்கம் தருகிற வசதியைக் கூச்சமில்லாமல் பயன்படுத்துங்கள். பேனையைக் கையில் எடுக்கும்போது மட்டும் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இந்தப் பிணை யாருக்கு? விடை விளங்கிய பிறகு போடுகிற கையெழுத்து, கடன் பெரிதாக இருந்தாலும், உங்களை நித்திரை கொள்ள விடும்.

சொன்னபடி நீரிழிவைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல் முடிக்க முயன்றேன். இடையில் ஒருமுறை சீனி வந்துவிட்டது. அதற்காக வட்டிலப்பத்தை ஒரு துண்டோடு நிற்பாட்டிக்கொள்ளுங்கள்.